வெள்ளிக்கிழமை, பெட்டிக்கும் ஒருசந்தி

பல்லும் பார்ப்பார், கண்ணும் பார்ப்பார், பிரசவமும் பார்ப்பார், எதற்குப் படித்தார் என்று மட்டும் எவருக்கும் சொல்லாத ஏற்றமிகு மன்றத் தலைவர் டாக்டர் செல்வநாதன் அவர்களே! எழுபத்தொன்றாம் ஆண்டு ஆடி மாதம், என் வலப்பக்கத்துச் சொத்தைப் பல்லை விட்டுவிட்டு இடப்பக்கத்து நல்ல பல்லைப் பிடுங்கிய பெருந்தகையே! சிரிக்காதீர்கள் தலைவரே, அந்த ஓட்டை வழியாகத்தான் இன்றைக்கு என் தமிழில் பாதி காற்றாகப் போகப்போகிறது.

ரயிலில் கொடி காட்டி ஓய்வு பெற்று, ஓய்வு பெற்ற பிறகும் எங்களை எல்லாம் நிறுத்தவும் நகர்த்தவும் செய்துகொண்டிருக்கும் லியோனார்ட் அவர்களே! அவருடைய அருமைத் துணைவியாரே, அறுபத்தொன்பதில் தன் தங்கை கல்யாணத்தில் என் மருமகப்பிள்ளைக்குப் பிரியாணியில் கழுத்தெலும்பு மட்டும் பார்த்துப் பார்த்துப் பரிமாறிய அன்புச் சகோதரி ஆலிஸ் அவர்களே! வயதால் உயர்ந்த பெரியோர்களே! இடுப்பில் ஒன்றும் மடியில் ஒன்றுமாக, என் வாயையும் அந்தப் பெட்டியின் கதவையும் மாறி மாறிப் பார்த்து, எது முதலில் மூடும், எது முதலில் திறக்கும் என்று தவித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பின்னால் பாதி உடம்பை ஒளித்துவைத்திருக்கும் என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ் அவர்களே! அவருக்கு நாலு நாற்காலி தள்ளி, மனைவி குப்பம்மாவோடு, உயிரோடு, ஆம், உயிரோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தண்டபாணியே! உங்கள் அனைவருக்கும் இந்த வியாகுலம்மாளின் வணக்கம். எங்கள் கோயில்காரர்களுக்கு ஸ்தோத்திரம்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். நாலாம் வகுப்புக்கு ஏற்ற மாட்டேன் என்றவர் சுகிர்தம் டீச்சர். அவரை நான் மறக்கவில்லை. ஆனால் ராபின்சன் பூங்காவில் நடந்த கட்சிக் கூட்டங்களில் மணல் பரப்பி உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுச் செவி பழுத்தவள். அடுக்குத் தமிழ் அங்கே வந்தது. மற்ற தமிழ் காசிமேட்டு மீன் ஏலத்தில் வந்தது. இரண்டும் சேர்ந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மன்றத்துக்கு டி.வி. பெட்டி வாங்கியிருக்கிறார்கள். வண்ணக் காகிதம் சுற்றி, மல்லிகைச் சரம் சாற்றி, மாப்பிள்ளை போல உட்கார்த்திவைத்திருக்கிறார்கள். "தொலைக்காட்சியின் தொண்டு என்று அஞ்சு நிமிசம் புகழ்ந்து பேசுங்க, பேரப்பிள்ளை எடுத்தவங்க வாயால திறந்தா நல்லது" என்று தலைவர் கேட்டார். சரி என்றேன். புகழத்தான் வந்தேன். அந்தப் பெட்டி அழகு. அதன் மரக்கதவு அழகு. அந்தக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதே, அது அழகிலும் அழகு!

ஏன் என்று கேட்கிறீர்களா? வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பூட்டைத் திறக்கக் கூடாது என்று கேட்கத்தான் நான் மேடை ஏறினேன். இன்றைக்கு என்ன கிழமை? வெள்ளிக்கிழமை!

ஏன் இந்தச் சலசலப்பு? ஏன் இந்தக் கூச்சல்? யார் அது விசில்? லியோனார்ட் அவர்களே, உட்காருங்கள், இது பிளாட்பாரம் அல்ல. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெள்ளிக்கிழமைப் பாட்டு ஆரம்பித்துவிடும், அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறேன். நாளைக் காலை முதல் ஷிப்டில் என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மறுபடியும் கிரேன் ஏறுகிறார். கொக்கிக்குக் கீழே நின்று கை காட்டப்போகிறவன் தண்டபாணி. இந்த மன்றத்துக்கு நேர் எதிர் ஜன்னல் எங்கள் வீட்டு ஜன்னல். இன்றிரவு இந்தப் பெட்டி வாய் திறந்தால், அந்த ஜன்னலுக்குள் என் வீட்டுக்காரர் தூங்க மாட்டார். அவர் தூங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை, இதோ குப்பம்மாவைக் கேளுங்கள். அவளுக்குப் பேசக் கூச்சம் என்பதால் நான் பேசுகிறேன். கூச்சமா என்று சிரிக்கிறாயா குப்பம்மா? சரி, உனக்குக் கூச்சமில்லை. எனக்கு மேடை கிடைத்தது, பேசுகிறேன்.

பெரியோர்களே! லியோனார்ட் வீட்டுக்கு டி.வி. வந்த நாள் நம் தெருவில் ஒரு புதிய சாதிப் பிரிவினை வந்தது. நாற்காலிச் சாதி, பாய்ச் சாதி, ஜன்னல் சாதி! நாற்காலி அவர்கள் உறவுக்கு. பாய் எங்களைப் போன்ற அண்டை வீட்டுக்கு. ஜன்னல் கம்பி மற்ற ஊருக்கு. பாயில் கூட எங்களுக்குக் கிடைத்த இடம் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில். அந்த இடத்தைப் பிடிக்க நான் பட்ட பாடு, இந்தத் தெருவில் தண்ணீர்க் குழாயடியில் கூடப் பட்டதில்லை.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார்? நிகழ்ச்சிக்கு முன்னால் திரையில் அந்தச் சக்கரம் சுழல ஆரம்பிப்பதிலிருந்து கடைசிச் செய்தி வரை பார்த்தார். பாட்டைப் பார்த்தால் பரவாயில்லை. படத்தைப் பார்த்தால் பரவாயில்லை. நெற்பயிரில் குருத்துப்பூச்சியை எப்படிக் கொல்வது என்று காட்டுவார்களே, அதையும் கண் கொட்டாமல் பார்த்தார்! ராயபுரத்தில் எங்கே ஐயா நெல்? காசிமேட்டு ஐஸ் பாக்டரிக்குப் பின்னால் நாற்று நடப்போகிறாரா? இந்திச் செய்தியைப் பார்த்தார். ஒரு வார்த்தை புரியாமல், வாசித்த அம்மாளுக்குத் தலையாட்டிக்கொண்டே பார்த்தார். பெட்டி தூங்கின பிறகு இவர் தூங்கினாரா? அதுதான் இல்லை. கொட்டகைக்கு இரண்டாம் ஆட்டம்! சின்னத் திரை முடிந்தால் பெரிய திரை. வந்து படுத்ததும் விடிகாலைச் சங்கு ஊதிவிடும். எழுந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு கிரேன் ஏறப் போவார்.

கண் சிவந்தது. கழுத்து வலித்தது. தலையைப் பிளந்தது. சோறு இறங்கவில்லை. "கண்ணுல தூசு வியாகுலம், துறைமுகத்துல காத்து அப்படி" என்பார். எத்தனை வருடமாகத் துறைமுகத்தில் காற்று அடிக்கிறது! போன வருடம்தானா அதற்கு இவர் கண்ணின் விலாசம் கிடைத்தது?

பொங்கல் கழிந்த மறு வாரம். கப்பலிலிருந்து இரும்புத் தகட்டுக் கட்டு இறக்குகிறார்கள். மேலே கூண்டில் இவர். கீழே தண்டபாணி. கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது முழுசாகத் தெரியாது, சத்தமும் கேட்காது. தண்டபாணியின் கைதான் அவருக்குக் கண், அதுதான் காது. உள்ளங்கையைக் கீழே தட்டினால், இறக்கு. முஷ்டியை மடக்கி உயர்த்தினால், நிறுத்து. அவ்வளவுதான் அவர்கள் பாஷை. கட்டு பாதியில் வரும்போது கயிறு ஒரு பக்கம் நழுவுவதைத் தண்டபாணி பார்த்தான். முஷ்டியை உயர்த்தினான். கட்டு நிற்கவில்லை. இரண்டு கையும் உயர்த்தினான். நிற்கவில்லை. "நிறுத்து நைனா!" என்று கத்தினான். அந்த உயரத்துக்கு எந்தக் குரல் போகும்? கடைசி நொடியில் பாய்ந்தான் பாருங்கள், பக்கத்தில் இருந்த கரிக்குவியலுக்குள் போய் விழுந்தான். அவன் நின்ற இடத்தில் இரும்பு இறங்கியது. கழன்று கிடந்த ஒற்றைச் செருப்பு அடியில் போய் அப்பளமாகிவிட்டது.

வீட்டு வாசலில் கரியாக நின்றவனைக் குப்பம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. "யார்ரா நீ, கலீஜா வந்து வாசல்ல நிக்கிற, அப்பால போ" என்றாளாம்.

"ஏய், நான்தாண்டி உன் புருசன்."

"என் புருசனுக்கு ரெண்டு செருப்பு கீது!"

இப்போது சிரிக்கிறோம். சிரிக்கலாம், அவன் உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்திராவிட்டால்? குப்பம்மா யாரைப் பார்த்துச் சிரித்திருப்பாள்? நான் எந்த முகத்தோடு இந்தத் தெருவில் நடந்திருப்பேன்?

ஆபீசில் என் வீட்டுக்காரரைக் கிரேனிலிருந்து இறக்கினார்கள். சங்கிலிக்குக் கிரீஸ் தடவும் வேலைக்குப் போட்டார்கள். டாக்டரிடம் கண்ணைக் காட்டச் சொன்னார்கள். நம் தலைவரிடம் அல்ல, பயப்படாதீர்கள், ஆபீஸ் டாக்டரிடம். அவர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "கண் நல்லாத்தான்யா இருக்கு. உள்ளே இருக்கிற ஆளுதான் தூங்குறான். சினிமா, டி.வி. எல்லாத்தையும் கொஞ்ச நாள் விடு. சாயங்காலம் நட. ராத்திரி தூங்கு. ஈஸ்டர் கழிச்சு வா, அப்பவும் இப்படியே வந்தீன்னா கிரேனை மறந்துடு."

எப்படி விடுவது? கள் விட்டவரைக் கண்டிருக்கிறோம், புகையிலை விட்டவரைக் கண்டிருக்கிறோம். டி.வி. விட்டவர் யாராவது உண்டா? அந்த வாரம்தான், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் விபூதிப் புதன் வந்தது. குருவானவர் நெற்றியில் சாம்பல் பூசி, "மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்றபோது எனக்குக் கரிக்குவியல் ஞாபகம் வந்தது. கோயிலை விட்டு வெளியே வந்து வீட்டு ஜனத்தை எல்லாம் நிறுத்திச் சொன்னேன்: "இந்தத் தவக்காலம் முழுக்க நம்ம வூட்ல யாரும் திரையைப் பார்க்கக் கூடாது. சின்னதும் இல்ல, பெருசும் இல்ல. கண்ணுக்கு ஒருசந்தி!"

தண்டபாணி போன்ற இந்துச் சகோதரர்களுக்குச் சொல்கிறேன். ஒருவேளை மட்டும் உண்டு நோன்பிருப்பதை நாங்கள் ஒருசந்தி என்போம். அந்த ஒருவேளையில் மூன்று வேளையையும் சேர்த்து அடிக்கிறவர்களும் எங்களில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். ஆலிஸ் வீட்டு முன்வரிசையில் உட்காருவார்.

என் வீட்டுக்காரர் நெற்றியில் சாம்பலோடு சத்தியம் செய்தார். எல்லாரும் செய்தார்கள். அப்போது என் மருமகள் ஹில்டா ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அத்தே, ஈஸ்டர் வரைக்கும் போவலன்னா, பாயில நம்ம எடம் பூடுமே?"

சத்தியமான கேள்வி! ஒரு வாரம் போகாவிட்டால் ஆலிஸ் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள். கொடுத்தால் திரும்பி வருமா? நான் யோசித்தேன். "திரையைப் பார்க்க மாட்டோம்" என்றுதானே சொன்னோம்? "போக மாட்டோம்" என்று சொல்லவில்லையே? ஆகவே போனோம். போய், டி.வி.க்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்தோம். நான், ஹில்டா, பேரப்பிள்ளைகள், வரிசையாக, சுவரில் ஒட்டிய படம் மாதிரி!

ஆலிசுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

"இன்னாம்மா இது? எங்க வூட்டு டி.வி.க்கு முதுகு காட்றீங்க? நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

"நீ ஒண்ணும் பண்ணல ஆலிஸ். நாங்க நோம்பு."

"நோம்புன்னா வூட்ல குந்துங்களேன்!"

"எடம் பூடும்."

லியோனார்ட் நாற்காலியிலிருந்து, "அம்மா, வண்டி போற பக்கம் மூஞ்சி வெச்சு உக்காரணும், இல்லன்னா தலை சுத்தும்" என்றார். அவருக்கு உலகமே ரயில்பெட்டி.

தாய்மார்களே! அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பாட்டு நேரம். என் வீட்டுக்காரர் பதினாலு ஸ்தலத்திலும் நின்று நின்று சொல்லும் சிலுவைப் பாதை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போயிருக்கிறார். அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். நான் முதுகில் பாட்டைக் கேட்டுக்கொண்டு, எதிரே வாசலை ஒட்டிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை நாள் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்! ஒரு நாளாவது ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பேனா? அன்றைக்குத்தான் டி.வி. பார்க்கிற மனிதர்களைப் பார்த்தேன்.

என்ன பார்த்தேன் என்று சொல்லட்டுமா? கம்பிக்குக் கம்பி ஒரு முகம். நீல வெளிச்சத்தில் எல்லாம் ஒரே முகம். நம் தெருப் பூவம்மா வாயில் வெற்றிலை. மெல்லவுமில்லை, துப்பவுமில்லை, சாறு தாடையில் இறங்குகிறது, துடைக்கக் கை வரவில்லை. ஒரு தாய் இடுப்புக் குழந்தை அழுகிறது. அவள் ஆட்டுகிறாள், குழந்தையின் அழுகைக்கு அல்ல, பாட்டின் தாளத்துக்கு ஆட்டுகிறாள். ஒரு பெரியவர் மூக்கின் மேல் ஈ. ஈயாவது எங்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது!

அந்த முகங்களுக்கு நடுவே, தலையில் துண்டு முக்காடு போட்டு, கம்பியில் நெற்றியை அழுத்தி, ஒரு முகம். யார்? சொல்லுங்கள், யார்? தூணுக்கு அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்கிறாரே, அவரேதான்!

எனக்கு ரத்தம் கொதித்தது. முறைத்தேன். அவர் கண்ணில் நான் விழவில்லை. கையெட்டும் தூரம், நடுவில் வெறும் கம்பி. நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கிறேன். பேரப்பிள்ளை எடுக்கும் வரை கூடக் குடும்பம் நடத்தியவள்! என்னைத் தாண்டி, என் தலைக்கு மேலே, அந்தப் பெட்டியைப் பார்க்கிறார். கையை ஆட்டினேன். தெரியவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, முஷ்டியை மடக்கி, தண்டபாணி காட்டுவது போல உயர்த்தினேன். அவர் இமைகூட அசையவில்லை.

பெரியோர்களே, என் கை அப்படியே நின்றுவிட்டது. கோபம் போய்விட்டது. பயம் வந்தது. இதைத்தானே அன்றைக்குத் தண்டபாணி கீழே நின்று பார்த்திருப்பான்? கண் திறந்திருக்கிறது, முகம் நம்மை நோக்கித்தான் இருக்கிறது, இரும்பு இறங்கிக்கொண்டே வருகிறது!

எழுந்து வெளியே போனேன். நான் வாசலைத் தாண்டுவதற்குள் பூவம்மா ஜன்னலை விட்டு ஓடிவந்து என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். உட்காரட்டும். அதையும் நான் மறக்கவில்லை பூவம்மா. அவர் பக்கத்தில் போய் நின்று, காதருகில் கேட்டேன்.

"இன்னாங்க, எத்தினியாவது ஸ்தலம்?"

துள்ளிப்போய்த் திரும்பினார். "வியாகுலம்! அது... ஒம்பதாவது..."

"ஒம்பதாவது ஸ்தலத்துல ஆண்டவர் மூணாந்தரம் வுழுந்தாரு. நீ எத்தினியாந்தரம்யா?"

கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தேன். அலையைத் தடுக்கப் போட்ட கருங்கல் வரிசை வரைக்கும் போனோம். அங்கே வந்து கல்லில் உட்கார்ந்தார். நானும் திட்டுவதற்கு மூச்சு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது சொன்னார்.

"கண்ண மூடினா அந்தக் கை தெரியுது வியாகுலம். தண்டபாணி கை. மேல தூக்கிகினு நிக்கறான். அன்னிக்கி நான் பாக்கல. இப்ப படுத்தா பாக்கறேன். பெட்டி முன்னால நின்னாதான் தெரிய மாட்டேங்குது."

நான் சேர்த்த மூச்செல்லாம் வீணாகப் போயிற்று. ஆசைக்குப் பார்க்கிறார் என்றல்லவா இத்தனை நாள் ஏசினேன்! மனுசன் ஒளிந்துகொள்ளப் பார்த்திருக்கிறார். தூக்கமில்லாமல் தப்பு நடந்தது. தப்பு நடந்ததால் தூக்கமில்லை. அதற்கு மருந்து என்று தூக்கத்தைக் கெடுத்த பெட்டிக்கே போய் நிற்கிறார்.

"அந்தக் கை காசிமேட்டுலதான் கீது. எழுந்து வா, போய்ப் பாக்கலாம்" என்றேன்.

நாங்கள் வாசலில் நின்றதும் குப்பம்மா தொடங்கினாள். அவள் சொன்ன எல்லாவற்றையும் மேடையில் சொல்ல முடியாது. தலைவருக்குக் காது சிவக்கும். சொல்லக் கூடியது இவ்வளவுதான்: "ஆள நசுக்கப் பாத்துட்டு, இத்தினி நாள் கழிச்சி வூட்டாண்ட வந்து நிக்கிறியே, எந்த மூஞ்சிய வெச்சிகினு வந்த?"

என் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். "தண்டபாணி, நான் அன்னிக்கி தூங்கிட்டேன்பா. கண்ணு தொறந்துகினே தூங்கிட்டேன்" என்றார்.

உள்ளே இருந்து தண்டபாணி வந்தான். இவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கையை இவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "இந்தா நைனா, கை. நல்லா பாத்துக்க. அஞ்சு வெரலும் கீது. நான் உன்ன மன்னிச்சிட்டேன். ஆனா அந்தச் செருப்பு புதுசு, அத மன்னிக்கறது கஷ்டம்."

குப்பம்மா மன்னித்தாளா? இன்னும் இல்லை. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு நெத்திலி வறுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை என்பது அவளுக்கும் மறந்துவிட்டது, எங்களுக்கும் மறந்துவிட்டது. குருவானவர் இங்கே இல்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

மறுநாளிலிருந்து பெட்டி நேரத்தில் நால்வரும் கடற்கரையில் நடந்தோம். கருங்கல் மேல் என் வீட்டுக்காரர் ஏறி நிற்பார். தூரத்தில் ஈர மணலில் தண்டபாணி நின்று கை காட்டுவான். "இறக்கு!" என்று இவர் கத்துவார். "தூக்கு!" என்று கத்துவார். முஷ்டி உயர்ந்தால், "நின்னுடுச்சி!" என்பார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று முடிவு கட்டினார்கள். கட்டட்டும். முதல் வாரம் பத்துக்கு மூன்று தப்பு. தப்பு செய்தால் குப்பம்மா அங்கிருந்தே கூவுவாள்: "போச்சி, இன்னொரு செருப்பு போச்சி!" நாள் ஆக ஆகத் தப்பு குறைந்தது. கண் சிவப்பு போயிற்று. கழுத்து திரும்பியது. நடந்த களைப்பில் வீட்டுக்கு வந்து படுத்தவர் குறட்டை விட்டார். அந்தக் குறட்டை, தாய்மார்களே, நான் வெறுத்து வெறுத்துத் திட்டிய குறட்டை, அதைக் கேட்டு விழித்துக்கொண்டு சந்தோஷப்பட்ட பைத்தியக்காரி நான் ஒருத்திதான் இருப்பேன்.

என் கால் வீக்கமும் வற்றியது. பேரப்பிள்ளைகள் சொல்லாமலே சாப்பிட்டுத் தூங்கின. கெடுதலும் நடந்தது, மறைக்க மாட்டேன். டி.வி. இல்லாததால் புருசன் பெண்சாதி பேசிக்கொள்ள வேண்டியதாயிற்று. பேசியதில், என் கருவாட்டுக் குழம்பில் புளி ஜாஸ்தி என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் நினைத்துக்கொண்டிருப்பது வெளியே வந்தது. அது தனிக் கணக்கு. பிறகு தீர்ப்பேன்.

ஈஸ்டர் கழிந்தது. ஆபீஸ் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். "உள்ளே ஆள் முழிச்சிருக்கான். ஏறச் சொல்லுங்க" என்றார். மேஸ்திரி தண்டபாணியைக் கூப்பிட்டு, "உனக்குப் பயமா இருந்தா வேற கிரேனுக்குப் போ, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றாராம். இவன் என்ன சொன்னான் தெரியுமா? "அவரு மேல கீறாருன்னா கீழ நான்தான் நிப்பேன். எங்கைய அவுரு மனப்பாடம் பண்ணிகீறாரு. வேற ஆளு கையிக்கு மறுபடியும் மொதல்லேர்ந்து படிக்கணும்."

நாளைக் காலை, அந்த இடத்தில், மறுபடியும் நிற்கப்போகிறான். இன்றிரவு என் வீட்டுக்காரர் தூங்க வேண்டும். இதுதான் என் வழக்கு!

டி.வி. வேண்டாம் என்றா சொன்னேன்? இல்லை! உடையுங்கள் என்றா சொன்னேன்? இல்லை! செய்தி வாசிக்கிற பெண்ணின் புடவைக் கரையைப் பார்த்துத்தான் நான் ஹில்டாவுக்குத் தீபாவளிப் புடவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு முதல் ஆளாக நானே வந்து பாய் விரிப்பேன், ஆலிஸ் கழுத்தெலும்பு போட்டாலும் நகர மாட்டேன். நான் கேட்பது வாரத்தில் ஒரே ஒரு சாயங்காலம். வெள்ளிக்கிழமை நாங்களும் கவுச்சி தொட மாட்டோம். நீங்களும் தொட மாட்டீர்கள். கோயில் வேறு, சாமி வேறு, ஆனால் வெள்ளிக்கிழமை மீன்கூடை இரண்டு வாசலிலும் நிற்பதில்லை. நாக்கை ஒரு நாள் கட்டத் தெரிந்த ஜனத்துக்குக் கண்ணை ஒரு நாள் கட்டத் தெரியாதா? வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கிறோம், கண்ணுக்குக் கொடுக்க மாட்டோமா? இந்தத் தெருவில் கிரேன் ஓட்டுகிறவர் இவர் ஒருவர்தானா? எண்ணூரில் கொதிகலன் முன்னால் நிற்கிறவர் இல்லையா? திருவொற்றியூரில் தகடு வெட்டும் மெஷினில் கை கொடுக்கிறவர் இல்லையா? விடிகாலையில் கட்டுமரம் தள்ளுகிறவர் இல்லையா? அவர்கள் ஒவ்வொருவர் கண்ணையும் நம்பி, கீழே யாரோ ஒரு தண்டபாணி நிற்கவில்லையா?

என்ன ஆலிஸ்? "ஒரே ஒரு பாட்டு மட்டும்" என்கிறாயா? ஒரே ஒரு பாட்டு என்று சொல்லி எழுந்து போனவரை நீ பார்த்திருக்கிறாயா? உன் வீட்டில் எத்தனை பேரை ஒரே ஒரு பாட்டுக்குப் பிறகு நீ துடைப்பத்தோடு எழுப்பினாய்! தலைவரே, மணி அடிக்காதீர்கள். பல்லுக்கு நஷ்டஈடாக இன்னும் ஒரு நிமிடம் எனக்குப் பாக்கி.

யார் அது எழுந்து நிற்பது? தண்டபாணியா? என்ன தம்பி, சொல்லு, சத்தமாகச் சொல்லு, எல்லாருக்கும் கேட்கட்டும்.

"ஒண்ணுமில்லக்கா. நான் கெளம்பறேன். நாளைக்கி மொதல் ஷிப்ட், தூங்கணும்."

கேட்டீர்களா? யாரும் அவனை வற்புறுத்தவில்லை. பெட்டி இன்னும் திறக்கவேயில்லை, பாட்டு இன்னும் ஆரம்பிக்கவேயில்லை, அவன் படுக்கப் போகிறான். குப்பம்மாவும் எழுந்துவிட்டாள். வழி விடுங்கள் அம்மா, காலை மடக்குங்கள், அவர்கள் போகட்டும்.

ஏங்க, தூணுக்குப் பின்னால் இருக்கிறவரே! நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? நான் சொல்ல மாட்டேன். திட்ட மாட்டேன், முறைக்க மாட்டேன். இவ்வளவு பேர் முன்னால் உங்களை நான் எதுவும் கேட்க மாட்டேன்...

ஆஹா! எழுந்துவிட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். தண்டபாணி வாசலில் நின்று காத்திருக்கிறான். போங்கள், இரண்டு பேரும் பேசிக்கொண்டே போங்கள். ஏங்க, நீங்கள் நம் வீட்டு வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள். கதவைச் சாத்த வேண்டாம், நான் வருகிறேன்.

தலைவர் அவர்களே, பெட்டியின் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. அந்தச் சாவியை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று இந்த ஊர் பார்க்கிறது. இதுவரை பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கும், கேட்காமல் சலசலத்த வாய்களுக்கும், என்னைப் பேச அழைத்துவிட்டு இப்போது வருந்திக்கொண்டிருக்கும் மன்றத்தாருக்கும், மைக்கைப் பிடுங்காமல் விட்ட புண்ணியவானுக்கும் இந்த வியாகுலம்மாளின் நன்றி. குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள், பாயைச் சுருட்டுங்கள், வீட்டுக்குப் போய்ப் படுங்கள். விடிந்தால் எல்லாருக்கும் வேலை இருக்கிறது. ஸ்தோத்திரம்! வணக்கம்!